பிளந்து வழிவிடும் தசைநாண்

இடதுகையை மேசைமேல் மல்லாத்தி வையுங்கள். சுட்டுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றையும் வலதுகையால் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுவிரலை மட்டும் மடக்கிப் பாருங்கள். விரல் நடுக்கணுவில் மடங்கும். நுனிக்கணு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. பக்கத்தில் யாராவது இருந்தால் அந்த நுனியைச் சுண்டிவிடச் சொல்லுங்கள். கழன்ற கீல்போல அது முன்னும் பின்னும் ஆடும்.

விரலில் வெட்டுக்காயத்தோடு வருபவருக்கு எந்தத் தசைநாண் அறுந்திருக்கிறது என்று பார்க்கக் கை அறுவை மருத்துவர்கள் செய்யும் சோதனை இது. விரலை மடக்கி நிமிர்த்தும் தசை எதுவும் விரலுக்குள் கிடையாது. அங்கே இருப்பவை எலும்பு, தோல், கொழுப்பு, நரம்பு, இரத்தக்குழாய், தசைநாண், அவ்வளவுதான். மடக்கி இழுக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து மணிக்கட்டைக் கடந்து கயிறுகள்போலத் தசைநாண்கள் விரல்களுக்கு வருகின்றன. கட்டைவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு. உள்ளங்கைத் தோலுக்கு அருகே ஓடும் மேல் தசைநாண் விரலின் இரண்டாம் எலும்பில் முடிகிறது. அதற்கு அடியில் எலும்பை ஒட்டி ஓடும் ஆழத் தசைநாண் நுனி எலும்புவரை போகிறது. ஆழத் தசை நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே கட்டாக இயங்குவது. இரண்டைப் பிடித்து நிறுத்தினால் மூன்றாவதும் முடங்கும். மேல் தசையோ விரலுக்கு விரல் தனியாக இழுக்கும். நீங்கள் இப்போது பார்த்தது அதன் வேலை.

இந்த ஏற்பாட்டில் ஒரு முட்டுக்கட்டை ஒளிந்திருக்கிறது. மேலே ஓடும் தசைநாண் இரண்டாம் எலும்பிலேயே பற்றிக்கொள்ள வேண்டும். அதற்கும் எலும்புக்கும் நடுவில் ஆழத் தசைநாண் கிடக்கிறது. ஒன்றை ஒன்று தாண்டாமல் இரண்டும் தத்தம் இடத்துக்குப் போக முடியாது. விரலுக்குள் நடப்பது இதுதான்: முதல் எலும்பின்மேல் வரும்போது மேல் தசைநாண் நடுவில் இரண்டாகப் பிளக்கிறது. பிளவின் வழியே ஆழத் தசைநாண் நழுவி முன்னேறுகிறது. பிளந்த இரண்டு பட்டைகளும் அதைச் சுற்றிக்கொண்டு அடியில் இறங்கி, மீண்டும் சந்தித்து, இரண்டாம் எலும்பின் இரு ஓரங்களிலும் ஒட்டுகின்றன. நூல் கோக்கப்பட்ட ஊசிக்கண்போல. எட்டு விரல்களிலும் இப்படியே.

1802-இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயக் குருவானவர் கால்விரல்களில் உள்ள இதே பிளவைக் கண்டு மலைத்துப்போனார். இயற்கை இறையியல் பற்றிய அவருடைய நூல் வெட்டவெளியில் கிடந்த ஒரு கடிகாரத்தில் தொடங்குவது பலருக்கும் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தால் கடிகாரம் செய்தவன் நினைவுக்கு வருவதுபோல, உயிரினங்களைப் பார்த்தால் படைத்தவர் நினைவுக்கு வரவேண்டும் என்பது வாதம். ஆனால் நூலின் பெரும்பகுதி கடிகாரம் பற்றியது அன்று, உடற்கூறு பற்றியது. பஞ்சாலையிலும் பட்டு ஆலையிலும் விசையைக் கடத்த வைத்திருக்கும் வார்களிலோ கயிறுகளிலோ இந்தத் துளையைவிடத் தெளிவாகத் திட்டம் தெரியும் ஏற்பாடு ஒன்றும் இல்லை என்று அவர் எழுதினார். அவர் காலத்து இங்கிலாந்தில் நூற்பாலைகள் பெருகிக்கொண்டிருந்தன. கண்ணெதிரே இருந்த இயந்திரம் உடலுக்குள்ளும் தெரிந்ததில் வியப்பில்லை.

இயற்கை இறையியல் என்பது வேத வெளிப்பாட்டைத் துணைக்கு அழைக்காமல், படைப்பையும் பகுத்தறிவையும் மட்டும் கொண்டு கடவுளைப் பற்றி எவ்வளவு தூரம் பேச முடியும் என்று பார்க்கும் முயற்சி. அதற்கு வேதத்திலேயே ஆதாரம் காட்டுவார்கள். கடவுளின் காணப்படாத நித்திய சக்தி உண்டாக்கப்பட்ட பொருள்களில் தெளிவாகத் தெரிகிறது என்று பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் முதல் அதிகாரத்தில் சொல்கிறார். இந்த முயற்சியில் கண்ணுக்கு அடுத்தபடியாக மிகுதியாகச் சாட்சிக்கூண்டில் ஏற்றப்பட்ட உறுப்பு கை.

சாட்சிக்கூண்டு என்று தெரிந்துதான் சொல்கிறேன். கையைப் பற்றிய கிறிஸ்தவப் பேச்சு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் துதியாக இருந்தது. பிறகு அதைச் சான்றாக்கினார்கள். துதியை யாரும் மறுத்து வாதாடுவதில்லை. சான்று என்று வந்துவிட்டால் குறுக்கு விசாரணை உண்டு. கைக்கு நேர்ந்தது அதுதான்.

தொடக்கம் கிறிஸ்தவத்துக்கு வெளியே. கைகள் இருப்பதால்தான் மனிதன் விலங்குகளில் மிக அறிவுள்ளவன் ஆனான் என்றார் கிரேக்கத் தத்துவஞானி அனக்சகோரஸ். இல்லை, அறிவுள்ளவன் என்பதால்தான் அவனுக்குக் கைகள் தரப்பட்டன என்றார் அரிஸ்டாட்டில். புல்லாங்குழல் வாசிக்கத் தெரிந்தவனிடம்தானே புல்லாங்குழலைக் கொடுப்போம் என்பது அவர் கேள்வி. இந்தச் சண்டை இன்றுவரை ஓயவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன் அரிஸ்டாட்டில் பக்கம் நின்றார். உடல் உறுப்புகளின் பயன் பற்றி 17 பாகங்களில் அவர் எழுதிய பெருநூல் கையில்தான் தொடங்குகிறது. மேலே சொன்ன தசைநாண் பிளவும் அதில் விவரமாக உண்டு. நூறு மாடுகளைப் பலியிடுவதைவிட, படைத்தவரின் ஞானத்தை அறிந்து பிறருக்கும் அறிவிப்பதே உண்மையான வழிபாடு என்று சொல்லி, தன் நூலைப் படைத்தவருக்கான துதிப்பாடல் என்றே அழைத்தார்.

அதே நூலில் குரங்கின் கையைக் கேலன் கேலி செய்கிறார். கட்டைவிரல் குட்டையாகி, மனிதக் கையின் நகைப்புக்கிடமான போலி என்கிறார். அவர் காலத்து ரோமில் மனித உடலை அறுத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. அவர் பெரும்பாலும் அறுத்தவை குரங்குகள். மனிதக் கைக்கு அவர் பாடிய துதியில் நல்ல பங்கு, அவர் எள்ளி நகையாடிய கையைப் பிரித்துப் பார்த்துக் கற்றது. 1543-இல் உடற்கூறியலாளர் வெசாலியஸ் இதை அம்பலப்படுத்தும்வரை ஐரோப்பா கேலனை அப்படியே நம்பியது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த முரண் இது. பின்னால் வரப்போகும் எல்லாச் சிக்கலும் இதில் கருவாக இருக்கிறது.

கேலன் கிறிஸ்தவர் அல்லர். மோசேயின் கடவுளோடு தனக்கு உள்ள வேறுபாட்டை, கையை விட்டுவிட்டு, கண்ணிமை மயிரை வைத்து விளக்கினார். கடவுள் நினைத்தால் எந்தப் பொருளிலிருந்தும் எதையும் உண்டாக்கிவிடலாம் என்பது மோசேயின் நம்பிக்கை. இயற்கையில் சில முடியாதவை, முடிந்தவற்றுள் சிறந்ததைக் கடவுள் தேர்கிறார் என்பது தங்கள் நம்பிக்கை என்றார். திருச்சபை அவருடைய உடற்கூறியலை எடுத்துக்கொண்டது. இந்தப் பத்தியைக் கண்டுகொள்ளவில்லை.

கிறிஸ்தவ எழுத்தாளர்களில் கையைப் பற்றி உண்மையிலேயே புதிதாக ஒன்றைச் சொன்னவர் நாலாம் நூற்றாண்டின் நிசா நகர ஆயர் கிரெகோரி. நாலு காலில் நடக்கும் விலங்குக்கு வாய்தான் கை. புல்லைக் கடிக்கவும் இரையைக் கிழிக்கவும் வேண்டியிருப்பதால் அதன் உதடு தடித்து, தாடை நீண்டு, நாக்கு முரடாகிறது. மனிதனுக்குக் கை இல்லாதிருந்தால் அவன் வாயும் அப்படித்தான் இருந்திருக்கும். கத்தியிருப்பான், கனைத்திருப்பான், பேசியிருக்க மாட்டான். கை உணவின் பொறுப்பை ஏற்றுக்கொண்டதால் வாய்க்குச் சொல் வாய்த்தது. சித்திரத்தைக் கைப்பழக்கத்துக்கும் செந்தமிழை நாப்பழக்கத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும். கிரெகோரி ஒரு படி மேலே போய், நாக்குக்குப் பழக்கம் வரக் கைதான் இடம் விட்டது என்கிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் கேட்ட கேள்வி வேறு. விலங்குகளுக்குக் கொம்பும் நகமும் அடர்ந்த தோலும் இருக்க, மனிதனை மட்டும் ஏன் வெறுமையாக விட வேண்டும்? அளவற்றவற்றை எண்ணக்கூடிய அறிவுக்கு ஒரே ஒரு நிலையான ஆயுதம் போதாது. எந்த ஆயுதத்தையும் செய்துகொள்ளும் கைதான் அதற்குப் பொருந்தும் என்பது அவர் விடை. இந்தப் பத்திகளைக் கவனித்துப் படித்தால் ஒன்று தெரியும். கிரெகோரியோ அக்வினாஸோ கையைக் காட்டிக் கடவுள் இருப்பதை இங்கே நிறுவ முயலவில்லை. கடவுள் இருப்பது அவர்களுக்குத் தெரிந்த செய்தி. அதை வைத்துக் கையைப் புரிந்துகொள்ள முயன்றார்கள். சங்கீதம் 139-இல் ‘பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால்’ என்று பாடுபவரும் நீதிபதியைப் பார்த்துப் பேசவில்லை.

வெசாலியஸ் தன் நூலில் அச்சிட்ட உருவப்படத்தில் தோலுரித்த ஒரு முன்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வேறு எந்த உறுப்பையும் அவர் தேர்ந்திருக்கலாம். கேலன் எங்கே தொடங்கினாரோ அங்கேயே அவரைத் திருத்தத் தொடங்குகிறேன் என்று சொல்வதுபோல இருக்கிறது அந்த நிலை. 1632-இல் ரெம்பிராண்ட் வரைந்த டாக்டர் துல்ப்பின் உடற்கூறுப் பாடத்திலும் முன்கைதான். அக்காலத்தில் பிணத்தை அறுப்பவர்கள் விரைவில் அழுகும் வயிற்றில் தொடங்குவது வழக்கம். ஓவியத்திலோ வயிறு தொடப்படாமல் கிடக்க, இடது முன்கை திறந்திருக்கிறது. துல்ப் வலதுகையில் உள்ள இடுக்கியால் விரல் மடக்கும் தசைகளைத் தூக்கிப் பிடிக்கிறார். அவருடைய இடதுகையைப் பாருங்கள்: அந்தத் தசை என்ன செய்யும் என்பதைத் தன் சொந்த விரல்களை மடக்கிக் காட்டுகிறது. சுற்றி நிற்பவர்களில் சிலர் அந்த இரு கைகளுக்கு நடுவே பார்வையை வைத்திருக்கிறார்கள். கடவுளின் ஞானத்துக்கு அந்தத் தசைநாண்கள் சாட்சி என்பதே ஓவியத்தின் பொருள் என்று கலை வரலாற்றாசிரியர்கள் சிலர் வாசிக்கிறார்கள். மேசையில் கிடப்பவன் திருட்டுக்காகத் தூக்கிலிடப்பட்டவன் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கைக்கு இன்னும் ஒரு கனம் கூடுகிறது.

பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் தொனி மாறிவிட்டது. புதிய அறிவியல் கடவுள் மறுப்புக்கு வழி திறந்துவிடுமோ என்ற கவலை இங்கிலாந்தில் இருந்தது. அதே அறிவியலைக் கொண்டே வாயடைக்கலாம் என்று இயற்கையியலாளர் ஜான் ரே போன்றவர்கள் நம்பினார்கள். படைப்பில் வெளிப்படும் கடவுளின் ஞானம் பற்றிய அவர் நூல் 1691-இல் வந்தது. சான்றுகளைத் திரட்டும் காலம் இப்படித் தொடங்கியது. அதற்கான குறுக்கு விசாரணையும் சீக்கிரமே வந்தது. தத்துவஞானி டேவிட் ஹியூம் இயற்கைச் சமயத்தைப் பற்றி எழுதிய உரையாடல் நூல் அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1779-இல் வெளியானது. உலகம் இயந்திரம்போல இருக்கிறது என்பது ஓர் ஒப்புமைதான். ஒப்புமையின்படியே போனால் செய்தவர் ஒருவர்தான் என்று எப்படித் தெரியும், இது ஒரு கற்றுக்குட்டிக் கடவுளின் முதல் முயற்சியாக ஏன் இருக்கக்கூடாது என்று அவர் கேட்டார். பேலி எழுதியது இதற்கு 23 ஆண்டுகள் பின்னால். ஹியூமின் தர்க்கம் வாசகர்களைப் பெரிதாக அசைக்கவில்லை. தசைநாண் பிளவை நேரில் பார்த்தவனிடம் ஒப்புமையின் பலவீனம் பற்றிப் பேசினால் காதில் ஏறாது. எப்படி வந்தது என்பதற்கு வேறொரு விளக்கம் கிடைக்கும்வரை பேலி தப்பித்தார்.

இனி ஒரு விநோதமான உயில். எட்டாவது பிரிட்ஜ்வாட்டர் பிரபு 1829-இல் பாரிஸில் இறந்தார். தன் நாய்களுக்குக் காலணி மாட்டி விருந்து மேசையில் உட்காரவைத்தவர் என்று பெயர் வாங்கியவர். திருச்சபைப் பதவியும் வகித்தவர். படைப்பில் வெளிப்படும் கடவுளின் வல்லமை, ஞானம், நன்மை பற்றி நூல் எழுதச்செய்ய 8,000 பவுண்டு ஒதுக்கியிருந்தார். எடுத்துக்காட்டாக எவற்றைப் பேசலாம் என்று உயிலில் சொன்ன சிலவற்றுள் ஒன்று, மனிதக் கையின் அமைப்பு. எட்டு ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஆளுக்கு 1,000 பவுண்டு. கை சார்லஸ் பெல்லின் பங்குக்கு வந்தது.

இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது. 1774-இல் எடின்பரோவில் பிறந்த பெல் அறுவை மருத்துவர், நரம்பியல் ஆய்வாளர், தேர்ந்த ஓவியர். முகவாதத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். வாட்டர்லூ போர் முடிந்ததும் பிரஸ்ஸல்ஸுக்கு ஓடிப்போய்க் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்தவர். அந்தக் காயங்களை வரைந்தும் வைத்தவர். வெட்டி எறியப்பட்ட கைகளை அவர் அளவுக்குப் பார்த்த இறையியல் எழுத்தாளர் வேறு யாரும் இருக்க வாய்ப்பில்லை.

1833-இல் வந்த அவர் நூல் பேலியைவிட ஆழமானது. கையைத் தனியே பிடுங்கி வைத்து வியப்பதில் பயன் இல்லை என்பதில் பெல் உறுதியாக இருந்தார். தோள் அசையாவிட்டால், முன்கை புரளாவிட்டால், மூளை வழிநடத்தாவிட்டால் கை வெறும் கொக்கி. கண்ணை மூடிக்கொண்டாலும் விரல் மடங்கியிருக்கிறதா நீண்டிருக்கிறதா என்று நமக்குத் தெரிகிறதல்லவா? தொடுதலிலிருந்து வேறான அந்த உணர்வைத் தசையுணர்வு என்று பிரித்துக் காட்டி, அதற்கு ஒரு புலனுக்குரிய தகுதியைக் கொடுத்தார். வலியையும் விடவில்லை. தோலில் வலி கூர்மையாக இருப்பது தண்டனைக்காக அன்று, காவலுக்காக என்றார். இந்த வரி நூறு ஆண்டுகள் கழித்து எங்கே போய் முளைத்தது என்று பிறகு பார்ப்போம்.

ஆனால் பெல் தன் வாதத்துக்குப் பலம் சேர்க்க விலங்குகளின் முன்னங்கால்களை வரிசையாகப் பிரித்து வைத்தார். மண்ணைத் தோண்டும் அகழெலியின் அகன்ற கை, வௌவாலின் சிறகு, குதிரையின் கால், திமிங்கிலத்தின் துடுப்பு. ஒவ்வொன்றும் அதனதன் வாழ்க்கைக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று காட்டுவது அவர் நோக்கம். காட்டவும் செய்தார். காட்டும்போதே வேறொன்றும் தெரிந்துவிட்டது: எல்லாவற்றிலும் அதே எலும்புகள். மேலே ஒன்று, அடுத்து இரண்டு, பிறகு மணிக்கட்டுக் கற்கள், அப்புறம் விரல்கள். மனிதக் கையில் மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14, ஆக 27 எலும்புகள்; உடலின் 206 எலும்புகளில் இரண்டு கைக்கும் சேர்த்து 54. இதே அடுக்கு, நீட்டியும் குறுக்கியும் ஒட்டியும் உதிர்த்தும், நீந்தும் துடுப்பிலும் பறக்கும் சிறகிலும் ஏன் இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கூர்மையாகக் கேட்டவர் நாத்திகர் அல்லர். ரிச்சர்ட் ஓவன் என்ற பக்தியுள்ள உடற்கூறியலாளர். 1849-இல் அவயவங்களின் இயல்பு பற்றிய நூலில் அவர் சொன்னது ஏறக்குறைய இது: மனிதன் படகும் செய்கிறான், பலூனும் செய்கிறான், ரயில் எஞ்சினும் செய்கிறான், இவை எவற்றுக்கும் பொதுவான ஓர் அமைப்பு இல்லை, வேலைக்கு ஏற்றபடி ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்கிறான். கடவுள் அப்படிச் செய்யவில்லையே. ஆகவே பயனை மட்டும் வைத்து உயிரினத்தை விளக்க முடியாது. பேலியின் கைவினைஞருக்குப் பதிலாக, மூல மாதிரி ஒன்றை மனத்தில் வைத்திருக்கும் கட்டடக் கலைஞரை ஓவன் முன்வைத்தார். பத்தே ஆண்டுகளில், 1859-இல், டார்வின் வந்தார். பற்றும் மனிதக் கை, தோண்டும் அகழெலிக் கை, குதிரைக்கால், கடற்பன்றியின் துடுப்பு, வௌவால் சிறகு எல்லாம் ஒரே அமைப்பில் இருப்பதைவிட விசித்திரம் எது என்று கேட்டு, பொது மூதாதையின் மரபு என்று விடை சொன்னார். சான்று பெல்லும் ஓவனும் திரட்டியது. தீர்ப்பு மட்டும் மாறியது.

இப்போது பேலியின் பிளவுக்குத் திரும்புவோம். விரல்களைத் தனித்தனியாக மடக்கிப் பஞ்சையும் எழுதுகோலையும் பிடிக்கும் கைக்கென்றே செய்ததுபோலத் தெரிகிற அந்த ஏற்பாடு, கேலன் அறுத்த குரங்கிலும் இருக்கிறது. நாயிலும் இருக்கிறது. குதிரையில் இருக்கிறது என்பதுதான் கவனிக்கவேண்டியது. குதிரைக்கு முன்னங்காலில் விரல் ஒன்றே ஒன்று, அதன் நுனியில் குளம்பு. எதையும் பிடிக்காது, எதையும் பிசையாது. அந்த ஒற்றை விரலிலும் மேல் தசைநாண் இரண்டாகப் பிரிய, ஆழத் தசைநாண் நடுவே புகுந்து குளம்பெலும்புக்குப் போகிறது. பேலியே இதைப் பற்றி எழுதியது நம் பாதத்தின் விரல்களை வைத்துத்தான். கடிகாரத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்த பற்சக்கரம் பக்கத்து வீட்டுக் கதவிலும் இருந்தால் என்ன நினைப்போம்?

விரல்கள் ஐந்து என்பதே தொடக்க விதி அன்று. சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அகாந்தோஸ்டேகா என்ற நீர்வாழ் முதுகெலும்பியின் முன்னங்காலில் எட்டு விரல்கள் இருந்தன.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு ஒரு தவறு செய்வது வழக்கம். கையில் உள்ள குறைகளைப் பட்டியல் போட்டு, நல்ல கடவுள் இப்படிச் செய்வாரா என்று கேட்பது. குறைகள் இருக்கத்தான் செய்கின்றன. மணிக்கட்டில் படகு வடிவ எலும்பு ஒன்றுண்டு. அதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கி வருகிறது. கை ஊன்றி விழுந்து அதன் நடுவில் முறிந்தால், முழங்கைப் பக்கத் துண்டு பட்டினி கிடந்து செத்துப்போகவும் கூடும். ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் மணிக்கட்டில் ஒரே குறுகிய குகைக்குள் நெருக்கியடித்துப் போகின்றன; கொஞ்சம் வீங்கினாலும் நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போகிறது. பேலி மெய்மறந்த அதே ஏற்பாடு, கைவிரலில் ஒரு தசைநாண் இன்னொன்றுக்குள் புகும் அந்த உறைப்பகுதி, வெட்டுப்பட்டால் தைப்பதற்கு மிக மோசமான இடம். தைத்த பிறகு இரண்டும் ஒன்றோடொன்றும் உறையோடும் ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும். இரு படைகளுக்கு நடுவே யாரும் கால்வைக்காத நிலத்தின் பெயரைக் கை அறுவை முன்னோடி ஸ்டெர்லிங் பன்னல் அந்தப் பகுதிக்கு வைத்தார். ஆனால் இவற்றைச் சொல்லிக் கடவுளை மறுப்பவரும் பேலியைப்போலவே கடவுள் எப்படிச் செய்திருப்பார் என்று தனக்குத் தெரியும் என எண்ணிக்கொள்கிறார். அதுவும் இறையியல்தான், கொஞ்சம் மட்டமான இறையியல். மரபின் வழியே கைக்கு வந்த பொருள்களைக் கொண்டு ஒப்பேற்றியதன் தழும்புகள் இவை என்று மட்டும் சொன்னால் போதுமானது.

கிறிஸ்தவத்துக்குள்ளேயே பேலியை விரும்பாதவர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். கடவுளை நம்புவதால்தான் படைப்பில் திட்டத்தைக் காண்கிறேன், திட்டத்தைக் கண்டதால் கடவுளை நம்பவில்லை என்று ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஹென்றி நியூமன் 1870-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் இயற்கை இறையியலுக்கு ஒரே சொல்லில் ‘இல்லை’ என்று 1934-இல் பதில் எழுதினார். நியூமன் சொன்னது கிரெகோரியின் பழைய இடத்துக்கே திரும்புவது. பார்த்தின் கடுமை எனக்கு ஒட்டவில்லை. கையை உற்றுப் பார்ப்பதற்கும் இறைவனைத் தேடுவதற்கும் தொடர்பே வேண்டாம் என்றால், துல்ப்பின் மேசையைச் சுற்றி நின்றவர்களின் முகத்தில் இருப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

அனக்சகோரஸும் திரும்பி வந்துவிட்டார். தான்சானியாவின் லேட்டோலியில் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு காலில் நடந்தவர்களின் தடங்கள் கிடைத்திருக்கின்றன. கென்யாவின் லோமெக்வியில் கிடைத்த கல் கருவிகளுக்கு வயது சுமார் 33 லட்சம் ஆண்டுகள். அந்தக் காலத்து மூதாதைகளின் மூளை நம்முடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கை விடுபட்டு வேலையைத் தொடங்கி வெகுகாலம் கழித்தே மூளை பெருத்தது. புல்லாங்குழல் முதலில் கைக்கு வந்திருக்கிறது. வாசிக்கப் பிறகுதான் கற்றிருக்கிறோம்.

பெல் விதைத்த வலி பற்றிய வரிக்கு வருவோம். பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் கற்று 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகள் அழுகி உதிர்வதாக எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. விரல்களை நேரே தின்பது நோய் அன்று. நோய் நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது, வலியில்லாத கை சூட்டையும் வெட்டையும் அழுத்தத்தையும் அறியாமல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்று பிராண்டும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். வலியைக் கடவுளின் கொடை என்று அவர் வாழ்நாள் முழுவதும் பேசினார். 1980-இல் பிலிப் யான்சியோடு சேர்ந்து உடலைப் பற்றி எழுதிய நூலுக்குச் சங்கீதம் 139-இன் சொற்களையே தலைப்பாக வைத்தார். அந்தப் பேச்சில் நிறுவும் ஆசை குறைவு. ஒவ்வொரு நாளும் இருபது விரல் கணுக்களைத் தொட்டுப் பார்ப்பவரின் பழக்கம்தான் அதிகம்.

வலி போவதோடு சில தசைகளும் போகின்றன. உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னத் தசைகள் செயலிழந்தால் விரல்கள் அடிக்கணுவில் பின்னுக்கு வளைந்து, மற்றக் கணுக்களில் மடங்கி, பறவையின் நகம்போலச் சுருண்டுவிடும். தண்ணீர்க் குவளையைக்கூடப் பிடிக்க முடியாது. இதைச் சரிசெய்ய நல்ல தசை ஒன்றை வேறிடத்திலிருந்து எடுத்துவர வேண்டும். பிராண்ட் தொடக்க காலத்தில் கையாண்ட வழிகளில் ஒன்று, மோதிர விரல் போன்ற ஒரு விரலின் மேல் தசைநாணை எடுத்துக்கொள்வது. அதாவது பேலியின் பிளந்த தசைநாணேதான். ஆழத் தசைநாண் ஒன்றே விரலை மடக்கிவிடும் என்பதால் அதை இழக்கலாம். பிளவின் அருகே அதை வெட்டி விடுவித்து, உள்ளங்கைக்கு இழுத்து, நாலு பட்டையாகக் கிழித்து, ஒவ்வொரு பட்டையையும் ஒரு விரலின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய்த் தைப்பார்கள்.

கட்டுப் பிரித்ததும் கை தானாக வேலை செய்துவிடாது. மூளைக்கு அந்தத் தசை இன்னும் மோதிர விரலை மடக்கும் தசைதான். நோயாளியின் முன் உட்கார்ந்திருப்பவர் மோதிர விரலை நடுக்கணுவில் மடக்கப் பார்க்கும்படி சொல்வார். நோயாளி அந்த ஒரு விரலை நினைத்து இழுப்பார். நாலு விரல்களும் அடிக்கணுவில் குனிந்து நுனிவரை நிமிரும். வாரக்கணக்கில் இப்படிப் பழகியபின் நினைக்கவேண்டிய தேவை இல்லாமல் போகும். அந்தக் கையை மேசைமேல் மல்லாத்தி, மற்ற மூன்று விரல்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மோதிர விரலை மடக்கச் சொன்னால், அது நடுக்கணுவிலும் மடங்காது.